இயந்திரம் சொன்ன குறி

"இது நீ எழுதியதல்ல; இயந்திரம் எழுதியது!"

தேனி மாவட்டத்துக் கல்லூரியொன்றில், ஆங்கில வகுப்பிலே, என் பழைய மாணவி ஒருத்தியின் மீது வீசப்பட்ட பழி இது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கம்பம்மெட்டு கடந்து, ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்யும் தாயின் மகள் அவள். அக்குடும்பத்திலே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சான்று என்ன? சாட்சி யார்? மற்றோர் இயந்திரம்! கட்டுரையைக் கணினிக்குள் செலுத்தினாராம் ஆசிரியர். "செயற்கை நுண்ணறிவின் ஆக்கம்" என்று அது குறி சொல்லிற்றாம். தீர்ந்தது விசாரணை!

தோழர்களே! பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவனை எள்ளி நகையாடுகிறோம். சோழி உருட்டுபவனைச் சாடுகிறோம். பட்டம் பெற்ற பேராசிரியர், எப்படி வந்ததென்று தாமறியாத ஒரு விழுக்காட்டைத் தலைமேல் தாங்கினால் மட்டும் அதற்குப் பெயர் அறிவியலா?

அக்கருவிகளின் யோக்கியதையைக் கேளுங்கள். சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் உலவவிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, 2023 சனவரியில் இயந்திர நடையைக் கண்டறியும் கருவியொன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காடுதான் அதன் பிடியில் சிக்கிற்று. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது வீண்பழி சுமத்திற்று. துல்லியம் போதவில்லையென்று அவ்வாண்டு சூலையிலேயே அதைக் கைகழுவினர். அதே 2023இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் தந்தனர். சராசரியாக 61 விழுக்காடு இயந்திரத்தினுடையவை என்று தீர்ப்பாயிற்று! அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளோ ஏறக்குறைய முழுவதும் தப்பின.

ஏன் இந்த ஓரவஞ்சனை? அடுத்த சொல் எதுவென்று எளிதில் ஊகிக்க முடிகிற நடையை இயந்திர நடையென்று கொள்கின்றன இக்கருவிகள். நம் பெண்ணோ, தெரிந்த சில நூறு சொற்களை வைத்துக்கொண்டு, பிழை நேருமோ என்றஞ்சி, அளந்தளந்து எழுதுகிறாள். சொல்வறுமையே குற்றமாகிவிடுகிறது!

மாணவர் எவரும் இயந்திரத்தைப் பார்த்து எழுதுவதில்லை என்று நான் வாதாடவில்லை. எழுதுகிறார்கள், ஏராளமாக எழுதுகிறார்கள். நேற்றுவரை நடந்ததென்ன? கடையில் விற்ற நோட்ஸை நெட்டுருப் போட்டவனுக்கு முதல் வகுப்புத் தந்தவர்கள் நாமன்றோ? (நானும் அப்படித் தேறியவன்தான்.)

இயந்திரத்தை வகுப்பறைக் கூண்டிலே ஏற்றுங்கள்! முல்லைப் பெரியாறு அணை குறித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதப் பணியுங்கள். மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிய அந்த அணை, 1895இல் முடிந்தது என்பதை இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் அறிவர். ஆண்டு சரியா, பெயர் சரியா, இல்லாத நூலை மேற்கோள் காட்டுகிறதா என்று அவர்களே சிவப்பு மையால் திருத்தட்டும். சொல்லுக்குப் பின் சொல்லை ஊகித்துக் கோக்கும் எந்திரத்திற்கு மெய்யும் பொய்யும் ஒன்றே என்பது அப்போது விளங்கும். கூடவே ஆங்கிலமும் வரும். இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ என்று 2025-26 நிதிநிலை அறிக்கையிலே தமிழக அரசு அறிவித்தது. கருவியைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்பிக்கப்போவது யார்?

என் மாணவியை ஆசிரியர் எதிரிலேயே, கையால், மீண்டும் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதே எளிய ஆங்கிலம். அதே இரண்டு பிழைகள். ஆனால் முதல் கட்டுரைக்கு இட்ட சுழி, பதிவேட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.