மாலை போட்டால் போதாது, ஆளைப் போடு!



2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் கொடுத்தனர். போலீசார் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. நாடே கண்கலங்கியது. அதே ஆண்டில் சர்க்கார் உறுப்புதானத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல், தானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை என்று முதலமைச்சர் அறிவித்தார்.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மாலையும் மரியாதையும் ஒரு சிறுநீரகத்தை எடுத்து வைக்குமா?

மாமல்லபுரம் சாலையில் அடிபட்டவர் நள்ளிரவில் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைச்சாவு என்று சொல்ல, 1994-ம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் வேண்டும். 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பை மாற்றி வைக்கும் டாக்டர்கள் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. அதுவரை ரத்த அழுத்தம் விழாமல் காக்க, படுக்கையருகே இரவெல்லாம் நர்ஸ் நிற்க வேண்டும். கதறும் குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேச ஒருங்கிணைப்பாளர் வேண்டும். ரத்தமும் திசுவும் பொருந்துகிறதா என்று பார்க்க லேப் ஊழியர், மயக்க மருந்து டாக்டர், ஆம்புலன்ஸ் டிரைவர், தியேட்டரைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளி, அத்தனை பேரும் வேண்டும். ஐஸில் வைத்த சிறுநீரகம் ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும். ஒரு கண்ணி அறுந்தால் தானம் மண்ணோடு மண்ணாகும்!

இந்தக் கண்ணிகளைச் சர்க்கார் எப்படி நடத்துகிறது? 2015-ல் ஆயிரக்கணக்கான நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போனது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் குந்தியிருந்து போராட நேர்ந்தது. உயிர் காக்கிற கைக்கே உத்தரவாதமில்லை!

“பணமில்லை” என்பார்கள். ஆளில்லாத அரசு ஆஸ்பத்திரியால் யாருக்கு லாபம்? பணக்காரன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவான். மில் தொழிலாளியோ வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடந்து கூலியை இழப்பான். தானமாக வரும் சிறுநீரகம் குறையக் குறைய, புரோக்கருக்குக் கொண்டாட்டம். ஒரு காலத்தில் வில்லிவாக்கத்துக்கே ‘கிட்னிவாக்கம்’ என்ற கெட்ட பெயர் வந்தது. 2025-ல் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் விலை போனது அம்பலமாயிற்று. சுரண்டல் நம் வியர்வையோடு நிற்கவில்லை, வயிற்றைக் கிழித்து உள்ளேயும் கை வைத்துவிட்டது!

ஆகவே கேட்கிறோம்: காலியிடங்களை நிரப்பு! மூன்று ஷிப்டுக்கும் ஒருங்கிணைப்பாளர்களை நியமி! நர்ஸுகளையும் துப்புரவுத் தொழிலாளரையும் நிரந்தரமாக்கு! மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே உழைப்பாளிக்கு இலவச மாற்று சிகிச்சை கொடு!

மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தக் குரல் ஒலிக்கட்டும். சங்கம் தோறும் தீர்மானம் போடுங்கள்! செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஊழியர்களோடு தோளோடு தோள் நில்லுங்கள்!