ஆறு நிமிடப் பிழை, 372 உயிர்கள்: இதற்குப் பெயர் கத்ரா?



கடலில் ஒரு போட் கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் முகநூல் நிறைந்துவிடும். "கத்ர்." "நஸீப் அவ்வளவுதான்." "கடல்தானே, என்ன செய்யலாம்?" இதற்கு மேல் யாராவது ஒரு கேள்வி கேட்டால், "மௌத்து வீட்டில நின்று ஞாயம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சோடு நாம் உடன்படவில்லை. ஏன் என்று விளங்கப்படுத்த, 200 வருடங்களுக்கு முன் நமது காலித் துறைமுகத்தில் இருந்து புறப்பட்ட ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

1815 மார்ச் 2 என்றால் என்ன என்று ஓ/எல் எழுதும் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். கண்டி ஒப்பந்தம். முழு இலங்கையும் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். வரலாற்றுப் புத்தகம் அதோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 4ஆம் திகதி, 'அர்னிஸ்டன்' என்ற கப்பல் காலியில் இருந்து இங்கிலாந்துக்குப் பாய் விரித்தது. கண்டி யுத்தங்களில் காயப்பட்ட, நோய்வாய்ப்பட்ட படைவீரர்கள் அதில் இருந்தார்கள். 14 பெண்கள், 25 பிள்ளைகள் இருந்தார்கள். மாலுமிகளோடு சேர்த்து 378 பேர்.

அந்தக் கப்பலில் ஒரு சாமான் இல்லை. குரோனோமீற்றர். அதாவது கடலிலும் பிழையில்லாமல் நேரம் காட்டும் கடிகாரம்.

கடிகாரம் இல்லாவிட்டால் கப்பலுக்கு என்ன என்று கேட்பீர்கள். புவியியல் பாடத்தில் படித்ததை ஞாபகப்படுத்துங்கள். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. அப்படியென்றால் 4 நிமிடத்துக்கு 1 பாகை. நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்க்கலாம். அதே நேரத்தில் கிரீனிச்சில் என்ன மணி என்று தெரிந்தால், நாம் எவ்வளவு தூரம் கிழக்கே அல்லது மேற்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடலாம். கிரீனிச் நேரத்தைக் கப்பலுக்குள் சுமந்து செல்வதுதான் குரோனோமீற்றரின் வேலை. வடக்கு, தெற்கைச் சூரியனின் உயரம் சொல்லிவிடும். கிழக்கு, மேற்கைச் சொல்ல அந்தக் கடிகாரம் வேண்டும். அது இல்லாத கப்பல், ஓடிய வேகத்தையும் ஓடிய நேரத்தையும் பெருக்கி ஒரு உத்தேசக் கணக்கில்தான் போக வேண்டும். கடல் நீரோட்டம் அந்தக் கணக்கை எந்தப் பக்கம் இழுத்தது என்பது யாருக்கும் தெரியாது.

1815இல் இது புதுக் கண்டுபிடிப்பா? இல்லை. ஜோன் ஹரிசன் என்ற தச்சுத் தொழிலாளியின் மகன் செய்த கடிகாரம் 1761இலேயே கடலில் பரீட்சிக்கப்பட்டுவிட்டது. அதன் பிரதியை கப்டன் குக் 1772இல் தனது இரண்டாம் பயணத்தில் எடுத்துச் சென்று, நம்பத்தகுந்தது என்று கண்டார். அர்னிஸ்டன் புறப்படும்போது அதற்கு 40 வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டது. அறிவு இருந்தது. கருவியும் இருந்தது. விலை மட்டும் கூட.

பிரித்தானியக் கடற்படை அதிகாரி பசில் ஹோல் இந்தக் கப்பலைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கப்டன் சிம்ப்சனிடம் குரோனோமீற்றர் வாங்கும் அளவுக்குக் காசு இல்லை. கப்பல் உரிமையாளர்கள் வாங்கித் தர மறுத்தார்கள். அது இல்லாமல் போக முடியாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்ற நிலைமை. தொழிலை இழக்க முடியாத மனிதர் புறப்பட்டார்.

கூட்டமாகப் போகும்வரை பிரச்சினை வரவில்லை. காவலுக்குப் போர்க்கப்பல்களும், கூடவே வேறு பெரிய கப்பல்களும் இருந்தன. மே மாதக் கடைசியில், ஆபிரிக்காவின் தென்முனையை நெருங்கும்போது புயல் பிடித்தது. பாய்கள் கிழிந்தன. அர்னிஸ்டன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனித்துப் போனது.

மே 29ஆம் திகதி வடக்கே தரை தெரிந்தது. கேப் பொயின்ட் முனை என்று நினைத்தார்கள். உண்மையில் அது அகுல்ஹாஸ் முனைப் பக்கம். இரண்டுக்கும் இடையில் சுமார் 150 கிலோமீற்றர். பாகைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை. கடிகாரக் கணக்கில் ஆறு நிமிடம்.

கேப் பொயின்ட்டைத் தாண்டினால் கரை வடக்கே திரும்பிவிடும். அதன் பிறகு வடக்கே போனால் திறந்த கடல், சென்ற் ஹெலினா தீவுக்கு நேர்வழி. அகுல்ஹாஸ் பக்கத்தில் நின்றுகொண்டு வடக்கே திரும்பினால் எதிரே தரை. மேற்கே சிறிது ஓடிவிட்டு, இனித் தாண்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில், மே 30 விடியற்காலையில் கப்பலை வடக்கே திருப்பினார்கள். பின்னேரம் கரையோரத்து அலை உடைவது கண்ணுக்குத் தெரிந்தது. நங்கூரம் போட்டார்கள். கயிறுகள் அறுந்தன. கடைசியில் கப்பலைக் கரையில் ஏற்ற முயன்றார்கள். கரை எட்டும் முன்பே பாறையில் தட்டி உடைந்தது.

378 பேரில் உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 6 ஆண்கள். பெண்களில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளில் ஒன்றும் இல்லை. அந்த ஆறு பேரும், கரையொதுங்கிய ஓட்ஸ் மாவைத் தின்று உயிர் பிழைத்து, பல நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த ஒரு விவசாயியின் மகனின் கண்ணில் பட்டார்கள்.

இன்றும் தென்னாபிரிக்காவின் அந்தக் கரையோரக் கிராமத்துக்கு அர்னிஸ்டன் என்றே பெயர் சொல்கிறார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் அதே கப்பலில் பயணம் செய்து மூழ்கிய நான்கு சகோதரர்களுக்காக அவர்களின் பெற்றோர் வைத்த கல். ஒரு பிரபுவின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் அதில் உண்டு. மற்ற நூற்றுக்கணக்கானோருக்கு அந்தக் கல்லில் இடமில்லை. அகுல்ஹாஸ் முனையில் வெளிச்சவீடு எரியத் தொடங்கியது 1849இல். 34 வருடம் கழித்து.

இப்போது சொல்லுங்கள். புயல் அல்லாஹ்வின் நாட்டம். நீரோட்டம் அல்லாஹ்வின் படைப்பு. கடிகாரம் வாங்காதது யாருடைய நாட்டம்?

"ஒரு கப்பலை வைத்து எல்லாவற்றையும் சொல்லலாமா?" என்று கேட்கலாம். அடுத்த வருடத்துக்கு வாருங்கள். 1816 ஜூலை 2. 'மெதூஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் செனகல் போகும் வழியில், இன்றைய மொரித்தானியாக் கரைக்கு அப்பால், ஆர்கின் மணல்திட்டில் தரைதட்டியது. புயல் இல்லை. காற்றும் கடலும் நல்லபடி இருந்த நாள். கப்டன் ஷோமரே இருபது வருடங்களுக்கு மேலாகக் கப்பல் ஓட்டாதவர். பழைய மன்னராட்சி திரும்பி வந்தபோது, அதற்கு விசுவாசமான பிரபு என்பதால் அந்தப் பதவி கிடைத்தது. செல்வாக்கில் கிடைக்கும் நியமனம் என்றால் என்ன என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கப்பலில் இருந்த 400 பேருக்குப் போதுமான படகுகள் இல்லை. மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்து 147 பேரை அதில் ஏற்றினார்கள். படகுகள் அதைக் கட்டி இழுத்துப் போகும் என்று சொன்னார்கள். கொஞ்ச தூரம் போய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள். கப்டனும் ஆளுநரும் படகுகளில் இருந்தார்கள். 13 நாள் கழித்துத் தெப்பத்தைக் கண்டபோது அதில் உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். விசாரணைக்குப் பிறகு கப்டனுக்குக் கிடைத்த தண்டனை மூன்று வருடச் சிறை.

பிரித்தானியாவில் கேள்வி கேட்கவே 1836 ஆனது. பாராளுமன்றம் கப்பற் சேதங்களை விசாரிக்க ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. பிரித்தானியக் கப்பல்களில் மட்டும் வருடத்துக்கு 1,000 உயிர்களுக்குக் குறையாமல் போகிறது, 30 இலட்சம் பவுண் பெறுமதியான பொருள் அழிகிறது என்று அந்தக் குழு மதிப்பிட்டது. காரணங்களையும் வரிசைப்படுத்தியது. மோசமாகக் கட்டப்பட்ட கப்பல்கள். போதாத உபகரணங்கள். பழுதுபார்க்காமை. தகுதியில்லாத கப்டன்கள். குடி. பிழையான வரைபடங்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று காப்புறுதி. கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்குக் காசு வந்துவிடும். அப்படியானால் அவர் ஏன் நல்ல கப்பலுக்குச் செலவழிக்க வேண்டும்? மூழ்குபவனுக்கு மட்டும்தான் நட்டம். இவ்வளவையும் எழுதி வைத்த பிறகும், தூரப் பயணக் கப்பல்களின் கப்டன்கள் பரீட்சை எழுதித் தகுதி காட்ட வேண்டும் என்பது சட்டத்தில் கட்டாயமானது 1850இல்தான்.

"அது வெள்ளைக்காரன் கப்பல், நம்மைப் பிடிக்க வந்தவன், அவன் மூழ்கினால் நமக்கென்ன?" என்றும் சிலர் சொல்வார்கள். கண்டியைப் பிடிக்கத் தீர்மானித்தவர்கள் யாரும் அர்னிஸ்டனில் மூழ்கவில்லை. காயம்பட்ட சிப்பாயும், பெண்களும், பிள்ளைகளும், மாலுமிகளும் மூழ்கினார்கள். தீர்மானம் எடுத்தவர்கள் கரையில் இருந்தார்கள். தீர்மானிப்பவன் ஒருத்தன், மூழ்குபவன் இன்னொருத்தன். எந்த நாட்டுக் கடலிலும், எந்த மதத்தவன் படகிலும் இதுதான் நடக்கிறது.

மார்க்கத்துக்கு வருவோம். நூஹ் (அலை) அவர்களைக் காப்பாற்ற அல்லாஹ் நாடினான். ஆனாலும் கப்பலைக் கட்டும்படி கட்டளையிட்டான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி மத்ரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். கட்டாமல் விட்ட ஒட்டகம் காணாமல் போன பிறகு "கத்ர்" என்று சொல்வதை யார் கற்றுத் தந்தது? தண்ணீரில் மூழ்கி மௌத்தானவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்பதை நாம் முழுமையாக ஈமான் கொள்கிறோம். அது மௌத்தானவருக்கு அல்லாஹ் கொடுக்கும் கூலி. லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுக்காத முதலாளிக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் அல்ல.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை சனம் படகுப் பாதையில் கடந்துகொண்டிருந்தது. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் மூழ்கினார்கள். அன்று புயல் இல்லை. அது நடுக்கடலும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் மௌத்தையும் ஒரே சொல்லில் மூடிவிடலாமா?

நாம் கோபப்படுவது சொந்த வள்ளத்தில் தனியாகத் தொழிலுக்குப் போகும் ஏழை மீது அல்ல. அவர் கப்டன் சிம்ப்சன். வாங்க வசதியில்லை, போகாமல் இருக்கவும் முடியாது. கேள்வி, ஆட்களைச் சம்பளத்துக்கோ பங்குக்கோ கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் இருப்பவர்களிடம். அவர்களுக்குக் கேள்வி வராமல் "கத்ர்" என்ற சொல்லால் மறைப்புக் கட்டுபவர்களிடம்.

பள்ளி நிர்வாகங்களிடமும் மீனவர் சங்கங்களிடமும் நாம் கேட்பது மூன்று விடயம்.

ஒன்று: போட்டில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட், வேலை செய்யும் ரேடியோ. இரண்டும் இல்லாத போட் கடலில் இறங்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் எடுக்க வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் யாரையும் அனுப்பக்கூடாது.

இரண்டு: வசதியில்லாதவருக்கு ஊர் வாங்கிக் கொடுக்க வேண்டும். மினாராவுக்கு நிதி சேர்க்கத் தெரிந்த ஊருக்கு இதற்குச் சேர்ப்பது கஷ்டமில்லை.

மூன்று: விபத்து நடந்தால், ஜனாஸா அடக்கி மூன்று நாள் போகட்டும். நான்காம் நாள் எழுத்தில் ஒரு விசாரணை வேண்டும். எத்தனை பேர் போனார்கள், என்ன சாமான் இருந்தது, என்ன இல்லை, போகச் சொன்னது யார். பழிவாங்குவதற்கு அல்ல. அடுத்த போட்டுக்காக.

அர்னிஸ்டனில் என்ன இல்லாமல் இருந்தது என்று எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் 200 வருடம் கழித்து நாமும் தெரிந்துகொண்டோம். நமது கரையில் மூழ்கியவர்களைப் பற்றி எழுதி வைத்திருப்பது என்ன? பெயரும், வயதும், "கத்ர்" என்ற ஒரு சொல்லும்தான்.

கடலில் மௌத்தான நமது எல்லாச் சகோதரர்களையும், பிள்ளைகளையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம். உடன்படுபவர்கள் உங்கள் பள்ளித் தலைவருக்கும், போட் முதலாளிக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

வஸ்ஸலாம்.