பெருக்கல் குறியைத் தொட்டது குத்தமாங்க?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம்தான் நம்மூரு. அப்பா திண்ணையில உக்காந்துட்டு, செல்போனை ஒரு முழம் தள்ளிப் புடிச்சு மொறச்சுப் பாத்துட்டு இருந்தாரு.

"என்னாச்சுங்கப்பா?"

"கொப்பரை வெல பாக்கலாம்னு ஒரு நியூஸ் பக்கத்தைத் தொறந்தேன் கண்ணு. கீழ இருந்து என்னமோ ஆடிக்கிட்டே மேல ஏறி வந்துச்சு. மூடலாம்னு அந்தப் பெருக்கல் குறியத் தொட்டேன், வேற எங்கியோ போயிருச்சு. நாந்தான் எதையோ தப்பா அமுத்திப் போட்டேனாட்ட இருக்குது."

வாங்கிப் பாத்தா, ஏதோ கடன் குடுக்கற ஆப் ஒண்ணு "இன்ஸ்டால் பண்ணு"ன்னு இளிச்சுட்டு நிக்குது. காயைத் தட்டிப் பாத்தே பருப்பு எப்படின்னு சொல்ற மனுசன். அவரு வாயில இருந்து "நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்"னு வருது. எனக்கு வயிறு எரிஞ்சது அங்கதான். விளம்பரம் வந்ததுக்கு இல்லைங்க. ஏமாத்துனவன் சும்மா இருக்க, ஏமாந்தவரு குத்த உணர்ச்சியோட உக்காந்திருக்காரே, அதுக்கு.

இது புது வியாதி இல்லை. காந்திபுரம் பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல காசு குடுத்து உக்காந்த ஆளுங்களுக்கு நினைவிருக்கும். குரங்கைக் குத்துனா பரிசு, நீங்கதான் பத்து லட்சமாவது ஆளுன்னு ஜன்னல் மேல ஜன்னலாக் குதிக்கும். பாதி நேரம் மூடறதுலயே போயிரும். 1990-களில் டிரைபாட் நிறுவனத்தில் இருந்தபோது பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதியவர் ஈத்தன் சுக்கர்மேன். அவரே 2014-ல் அட்லாண்டிக் இதழில் கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டுட்டாரு. பிரவுசர்கள் பாப்-அப்பைத் தடுக்கக் கத்துக்கிட்டதும் ஃப்ளாஷ்ல ஆட ஆரம்பிச்சாங்க. ஃப்ளாஷுக்கும் 2020 டிசம்பர் 31-ஓட அடோபி மூடுவிழா நடத்தியாச்சு. ஆட்டம் நின்னுச்சா? இப்ப வீடியோவா, பக்கத்துக்குள்ளயே ஆடுது.

ஏன் ஆடணும்? ஓரக்கண்ணுல அசையற எதையும் நம்மால கண்டுக்காம இருக்க முடியாது. உடம்பு அப்படி. நாம பாக்க விரும்பலைன்னாலும் பாக்க வைக்கத்தான் இந்த ஆட்டம். அதனாலதான் இணைய அணுகல்தன்மைக்கான உலக நெறிமுறையே இதுக்கு ஒரு விதி வெச்சிருக்கு: தானா ஆரம்பிச்சு, மத்த விசயங்களுக்குப் பக்கத்துல 5 நொடிக்கு மேல அசையற எதுவா இருந்தாலும், அதை நிறுத்தறதுக்கோ மறைக்கறதுக்கோ வழி இருக்கணும். கவனக்குறைவு உள்ளவங்க, மெதுவாப் படிக்கறவங்க எல்லாரும் படிக்கணுமில்ல?

உடனே ஒருத்தர் வருவாரு: "ஓசியிலதானே படிக்கிறீங்க, சகிச்சுக்கங்க."

ஐயா, விளம்பரமே வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. எங்கூட்டு சுவத்துல ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடை காலண்டர் தொங்குது. நாள் கெழமை பாக்கறப்ப எல்லாம் கடைப் பேரையும் சேத்துத்தான் பாக்கறோம். அது ஆடறதில்லை, தேதியை மறைக்கறதில்லை. இருந்தும் தீவாளிக்கு அந்தக் கடைக்குத்தான் போறோம். சந்தையில வியாபாரி தொண்டை கிழியக் கூவலாம், அது அவரு பொழப்பு. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, நீயாத்தானே வந்தேன்னு சொன்னா அதுக்குப் பேரு வியாபாரமா?

சட்டமும் இதைத்தான் சொல்லுது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரா வழிகாட்டு நெறிகள் கொண்டு வந்துச்சு. மொத்தம் 13 வகை. மூடறதுக்குன்னு வெச்ச பெருக்கல் குறியைத் தொட்டா இன்னொரு விளம்பரம் தொறக்கறது, அதுலயே உதாரணமாச் சொல்லப்பட்டிருக்கு. செய்தி மாதிரி வேசம் போட்டு வர்ற விளம்பரமும் அந்தப் பட்டியல்ல உண்டு. ஆக, தப்பு அப்பா மேல இல்லை, காகிதத்துலயும் இல்லை. ஆனா திண்ணை வரைக்கும் அந்தக் காகிதம் வந்து சேரலை.

சரி, அடுத்தவனைத் திட்டியாச்சு. இப்ப நம்ம ஊட்டுக்கு வருவோம் மக்களே. 2018-ல் கூகிள் ஆட்சென்ஸ் தமிழை ஏத்துக்கிட்டப்ப குதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். தானியங்கி விளம்பரம்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, அமுத்திட்டு மறந்துட்டேன். ஊர்ல இருந்து திரும்பி வந்ததும் என் பக்கத்தையே செல்போன்ல தொறந்து பாத்தேன். கீழ ஒட்டிக்கிட்டு ஒண்ணு, அடுத்த இடுகைக்குப் போனா முழுத்திரையையும் மறைச்சுட்டு ஒண்ணு! அப்பாவைப் படுத்துன அதே அக்கப்போரு, என் பேருல.

ரெண்டையும் அன்னிக்கே நிறுத்திட்டேன். பத்திக்கு நடுவுல ஆடாத படம் ஒண்ணே ஒண்ணு போதும். நீங்களும் உங்க பக்கத்தை இன்னிக்கு ஒருதரம் செல்போன்ல தொறந்து பாருங்க. உங்கப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ குடுத்துப் பாத்தா இன்னும் நல்லது. அவங்க முழிச்சா, குத்தம் நம்ம மேலதான்.

பி.கு.: அப்பா போன்ல ஃபயர்பாக்ஸ் போட்டு, அதுல யூபிளாக் ஆரிஜினும் சேத்துக் குடுத்துட்டு வந்தேன். அந்தத் தளத்துக்கு வருமானம் போச்சேன்னு யாராவது வருத்தப்பட்டா, ஆடாத விளம்பரம் போடச் சொல்லுங்க. மறுநாளே எடுத்துடறேன் :-)