தேடுபவர் மீது ஏன் இந்தச் சினம்?

"கூகுளில் பார்த்துவிட்டு வராதீர்கள்." மூளை, நரம்பு நோயாளரின் உறவினர்களுக்கு மருத்துவர்கள் வழங்கும் இந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து நிமிடம் ஒதுக்கி விளக்கம் சொல்ல மறுப்பவரிடமிருந்து அது வரும்போது எரிச்சலே மிஞ்சுகிறது.

இத்தாலிய நரம்பியல் மருத்துவர் பிரான்செஸ்கோ பிரிகோவும் சகாக்களும் வலிப்பு நோய் பற்றிய கூகுள் தேடல்களை ஆராய்ந்து 2014 இல் கட்டுரையொன்றை வெளியிட்டனர். பிரபலமான ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்ட செய்தி வெளிவரும்போது தேடல்கள் திடீரென உயர்ந்ததை அவர்கள் கண்டனர். இதைக் கேட்டு நகைப்பவர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். நோயை வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பவருக்குப் புகழ்பெற்ற ஒருவரின் பெயர்தான் கேட்கும் துணிவைத் தருகிறது. வலிப்பென்று வெளியே தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சும் நமது சமூகத்தில், தாயொருத்தி வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

தமிழில் கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே எனது வழக்கு. முதலில் சொல்லிலேயே தடுமாற்றம். நமக்குப் பாரிசவாதம், தமிழகத்தில் பக்கவாதம், லண்டனில் வளர்ந்த பேரனுக்கு 'ஸ்ட்ரோக்'. ஆச்சிக்கு 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று யாழ்ப்பாணத்தில் சொல்வோம். கட்டுரையாளர்களோ முதுமறதி, மறதிநோய், டிமென்சியா என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். அறளை என்று தட்டச்சு செய்பவர் அல்சைமர் பற்றிய நல்ல கட்டுரையைச் சென்றடைய வழியேது?

அந்த வெற்றிடத்தைப் புரட்டு நிரப்புகிறது. பாரிசவாதம் கண்டவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் வெளியேற்றினால் பிழைப்பார் என்ற கதை, மின்னஞ்சல் காலத்திலிருந்து வாட்ஸ்அப் காலம் வரை சாகாமல் உலவுகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். அதற்கு முன் மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்பதை ஸ்கேன் மூலம் உறுதி செய்யவேண்டும். ஊசி தேடும் நேரமும் அந்தக் கணக்கிலிருந்தே கழிகிறது. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இதை எளிய தமிழில் எழுத எத்தனை பட்டங்கள் வேண்டும்?

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல!

கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களே, எழுதவேண்டியதை எழுதாமல் நோயாளியின் மகனைக் கடிந்துகொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. நான் கேட்பது ஆளுக்கு ஒரு பக்கம். அதில் பாரிசவாதம், பக்கவாதம், ஸ்ட்ரோக் என்ற மூன்று சொற்களும் இருக்கட்டும். அறளையையும் மறந்துவிடாதீர்கள்.