கறுப்புக் கட்டங்களும் எம் பிள்ளைகளின் கல்வியும்

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் இந்நாட்டை வாட்டியபோது, கியூ.ஆர். குறியீடு இன்னதென்பதை எம் மக்கள் அறிந்துகொண்டனர். உழவரும் உத்தியோகத்தரும் ஒரே வரிசையில் நின்றனர். திறன்பேசி இல்லாதவரும் குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுசென்று தம் பங்கைப் பெற்றனர். குறியீட்டைப் படிக்கும் கருவி பெற்றோல் நிலையத்தாரின் கையில் இருந்தமையே அதற்குக் காரணம்.

அக்குறியீடு இன்று வகுப்பறையினுள்ளும் புகுந்துள்ளது. 1994இல் யப்பானிய டென்சோ நிறுவனத்தைச் சார்ந்த மசாஹிரோ ஹாரா, மோட்டார் உதிரிப்பாகங்களை விரைந்து இனங்காண்பதற்கென ஆக்கியது அது. காப்புரிமைக் கட்டணம் கோரப்படாமையால் உலகெங்கும் பரவிற்று. 2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. நூலின் ஓரத்திலுள்ள கட்டத்தைத் திறன்பேசிக்குக் காட்டினால் படமும் ஒலியும் திறக்கின்றன. கலப்பிரிவைச் சொல்லால் விளக்குவதினும் அசையும் படத்தாற் காட்டுவது எளிதன்றோ? ஆதலின் இம்முறையை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும், குறியீடு வெறும் வாயில் மட்டுமே. வாயிலுக்கு அப்பால் எம்மொழி ஒலிக்கின்றது என்பதே எமது முதற் கேள்வி.

மகாராட்டிர மாநிலத்துச் சோலாப்பூர் மாவட்டத்தில், பரிதேவாடி என்னும் சிற்றூரில் கற்பித்த ரஞ்சித்சிங் டிசலே 2020ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசைப் பெற்றார். அவர் பாடநூல்களிற் குறியீடுகளைச் சேர்த்ததை உலகம் வியந்து பேசிற்று. ஆனால் பரிசளித்தோர் எடுத்துரைத்த மற்றொரு செய்தியை நாம் மறத்தலாகாது. மாணவரின் தாய்மொழி கன்னடம். பாடநூலோ வேறு மொழியில் இருந்தது. அதனைத் தாய்மொழியில் ஆக்கிய பணியும் அவருடையதே. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் பாடம் திறக்குமாயின், தமிழ்ப் பிள்ளைக்கு அது பூட்டிய கதவேயாகும்.

இரண்டாவது கேள்வி, கருவி எவர் கையில் இருப்பது என்பது. 1980 முதல் பாடநூலை இலவசமாக வழங்கிவரும் நாடு இது. அந்நூலின் ஒரு பகுதியைப் படிக்கத் திறன்பேசியும் இணையக் கட்டணமும் வேண்டுமெனின், தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் கூலி உழவனின் பிள்ளையும் எங்கே போவர்? இலவசக் கல்வியில் அது புதியதொரு வேலியாகிவிடும்.

இதற்கு வழியில்லாமலில்லை. பிளிக்கர்ஸ் என்னும் முறையில் மாணவர் ஒவ்வொருவரிடமும் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டை மட்டுமே உண்டு. வினாவுக்கு உரிய விடைக்கேற்ப அட்டையைத் திருப்பி உயர்த்துகின்றனர். ஆசிரியர் தமது ஒரே திறன்பேசியால் வகுப்பை நோக்க, எவர் எவ்விடை அளித்தார் என்பது பதிவாகின்றது. கூச்சமுள்ள பிள்ளையும் அச்சமின்றி விடையளிக்கின்றது. எரிபொருள் வரிசையில் நாம் கண்ட நியாயமே இங்கும்: பிள்ளையிடம் தாள், ஆசிரியரிடம் கருவி.

எனவே கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பன மூன்று. தமிழ்ப் பாடநூலில் அச்சிடும் ஒவ்வொரு குறியீடும் தமிழிலேயே பாடம் தருதல் வேண்டும். ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு கருவியேனும் அரசின் செலவில் வழங்கப்படல் வேண்டும். குறியீடு இட்டுச்செல்லும் இடம் அழியாதும் தகாதவை புகாதும் காக்கப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும்.

அதுவரை நாமும் வாளாவிருத்தல் தகாது. எம்மிடையே பொறியியலாளரும் வைத்தியரும் உளர். வெங்காயச் செய்கையின் நுட்பத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கவல்ல உழவரும் உளர். ஊர்ப் பாடசாலையின் ஆசிரியரோடு அமர்ந்து ஆளுக்கொரு பாடத்தைத் தமிழிற் பதிவு செய்வோமாக. கட்டங்களை எவரும் அச்சிடலாம். அவற்றின் பின்னால் வைக்கும் தமிழ்ப் பாடத்தை ஆக்கும் கடமை எம்முடையது.