கண்ணிலே தெரியும் குருதியமுக்கம்

தலவாக்கலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே கொழுந்தெடுக்கும் பெண்மணிகளுக்குக் கையும் கண்ணுமே கருவிகள். ஈரிலையும் ஒரு மொட்டும் எவையெனக் கண் காட்டினாலன்றிக் கை கிள்ளாது. அக்கண் மங்கும்போது, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி அமைதி கொள்வோரைக் காண்கிறோம். வயது ஒன்றே காரணமாதல் வேண்டுமென்பதில்லை. உயர் குருதியமுக்கமும் கண்ணைக் கெடுக்கும் என்பதைப் பலர் அறியார்.

கண்ணின் உட்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உண்டு. அதன்மேல் மயிரிழை போன்ற குருதிக் குழாய்கள் பரந்து கிடக்கின்றன. அமுக்கம் நெடுநாள் மிகுந்திருப்பின் நாடிகள் ஒடுங்கும். அவற்றின் சுவர் தடிக்கும். தடித்த நாடி, தன்னைக் குறுக்கிடும் நாளத்தை நசுக்கும். பின்னர்க் குருதி கசியலாம். நாளம் அடைபடவும் கூடும். நோய் முற்றினால் பார்வை நரம்பின் முனையே வீங்கிவிடும். இவையெல்லாம் பெரும்பாலும் நோவின்றியே நிகழ்வதுதான் பெருந்தீங்கு.

1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை உலகுக்கு அறிவித்தார். உடலைக் கீறாமலே சிறு நாடிகளை நேரிற் காணும் வாய்ப்பு அதனாற் பிறந்தது. 1939இல் கீத், வாகனர், பார்க்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர் விழித்திரை மாற்றங்களை நான்கு படிகளாக வகுத்தனர். படி ஏற ஏற நோயாளரின் ஆயுள் குறுகுவதையும் காட்டினர். நல்ல மருந்துகள் வந்தபின் அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் கண்ணிற் காணும் சேதம் மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எச்சரிக்கையே.

"தலையிடி இல்லையே, மாத்திரை எதற்கு?" என்பார் உளர். தலையிடியைக் கொண்டு அமுக்கத்தை அறிய இயலாது; அளந்தே அறிதல் வேண்டும். மீண்டும் மீண்டும் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரை நாடுக. அரசினர் மருத்துவமனையில் இதற்குக் கட்டணமில்லை. ஆனால், கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட் பேர் போய்விடுமே என்னும் தாயின் கவலையை நாம் இகழோம். அது மெய்யான கவலை. எனினும் பார்வை போயின் எந்த நாளுக்கும் பேர் இல்லை.

கருவாடும் ஊறுகாயும் குறைக. ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அஃதாவது 5 கிராமுக்குள், அடங்குக. மாத்திரையைத் தாமாக நிறுத்தற்க. ஒரு கண்ணிற் பார்வை திடீரென மறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

இப்பக்கத்தைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அன்னையின் அமுக்கம் எவ்வளவு என்று இன்றே கேளுங்கள். அவர் அறியாராயின், அடுத்த கிளினிக் நாளில் உடன் செல்லுங்கள்.