"ஒரு சின்ன விஷயம், அம்மா!"

கிரயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி நேரம் பார்த்து, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் டோக்கனும் போட்டாகிவிட்டது. வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகக் கிடக்கிறது. முதல் நாள் சாயங்காலம் டெலிபோன் மணி அடிக்கிறது. வீட்டை வாங்குகிறவர்தான். "ஒரு சின்ன விஷயம், அம்மா!" என்று இழுக்கிறார்.

இந்தச் சின்ன விஷயம் பல வேஷங்களில் வரும். கொல்லைப்புறச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதாம். ஒன்றரை லட்சம் குறைக்க வேண்டுமாம். மச்சினர் அளந்து பார்த்ததில் மனை நாற்பது சதுர அடி குறைகிறதாம். கூடத்து ஊஞ்சலையும் சேர்த்துத்தானே பேசினோம் என்பார். எல்லாவற்றையும்விட இனிப்பாக ஒன்று வரும்: "பாக்கி மூன்று லட்சத்தை அடுத்த மாசம் தந்துவிடுகிறேன். நாளைக்குக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடுங்கள், அம்மா!"

வீடு விற்கும் பெண்மணிகள் பலரும் ஆசைப்பட்டு விற்பதில்லை. பெண்ணின் கல்யாணம், கணவரின் வைத்தியச் செலவு, தனியாக இருக்க முடியாமல் பிள்ளையோடு போய்ச் சேரவேண்டிய நிலைமை, இப்படி ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வருகிற பணத்தை நம்பி வேறொரு பிளாட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்திருப்பார்கள். எதிராளிக்கும் அது தெரியும். 'இனி இந்த அம்மாள் பின்வாங்க முடியாது' என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது, ஆயுள் சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்குகிறோமே என்று நிஜமாகவே பயந்து போயிருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் கோபப்படுவதும் தவறு, பணிந்து போவதும் தவறு.

ஆகையால், டெலிபோனில் பதில் சொல்லாதீர்கள். "சரிங்க, என்னென்ன என்று எழுதி அனுப்புங்கள். வக்கீலிடம் காட்டிவிட்டுக் காலையில் சொல்கிறேன்" என்று மரியாதையாக வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதினால் போதும். வாயால் சொல்லும்போது மலையாக இருந்த குறை, எழுத உட்கார்ந்தால் பாதியாகிவிடுவது உண்டு. எழுதி வந்ததை மூன்றாகப் பிரியுங்கள்: பத்திரம் பற்றியது, பொருள் பற்றியது, பணம் பற்றியது.

பத்திரம் பற்றிய சந்தேகத்தைப் பேரம் என்று நினைத்துச் சீறக்கூடாது. உயில் எழுதாமல் காலமான இந்துக் கணவரின் சுயார்ஜித வீடு என்றால், 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெண்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார், எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் பங்கு உண்டு. "அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்பது ரிஜிஸ்திரார் ஆபீஸில் எடுபடாது. வாங்குகிறவரின் வக்கீல் கடைசி நாளில் பெண்ணின் கையெழுத்தைக் கேட்டால், நாளைத் தள்ளி வைத்து அதை வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம். பெண் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வீட்டின் பேரில் பாங்கிக் கடன் இருந்து அடைத்திருந்தால் இன்னொரு தகராறு கிளம்பும்: "அசல் பத்திரம் எங்கே?" கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பாங்கி அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பாங்கியின் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு என்று ரிசர்வ் பாங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே, அந்த 30 நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டே கிரயத்துக்குத் தேதி கொடுங்கள்.

அடுத்தது பொருள். வீடு விற்கும்போது எதெது கூடப் போகிறது என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது: பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தர உபயோகத்துக்கென்று வைத்த மற்றவை எல்லாம் வீட்டோடு போகும். கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் சண்டைதான். ஆனால் ஊஞ்சல்? சுவரில் மாட்டிய வாட்டர் பில்டர்? இன்வர்ட்டர்? இங்கேதான் ஆளுக்கு ஒரு நியாயம் பேசுவார்கள். எண்பது லட்ச ரூபாய் வியாபாரம் எட்டாயிரம் ரூபாய் கீஸரில் முறிந்துபோக இடம் கொடுக்கக்கூடாது. மாமியார் ஆடிய ஊஞ்சல் என்றால் முதலிலேயே கழற்றி உறவுக்காரர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். மனசு ஒட்டாத சாமானை, "வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சாவி கொடுக்க நாலு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு வரி, தண்ணீர் வரி, மின்சாரக் கட்டணம் ஆகியவற்றைக் கிரய நாள் வரை கட்டவேண்டியது விற்கிறவர் பொறுப்பு. ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தால் அந்த வாய் அடைந்துவிடும்.

இனிப் பணம். ஒன்றைத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து உங்கள் பேரில் சர்க்காருக்குக் கட்டவேண்டும். 2013 முதல் உள்ள ஏற்பாடு இது. எண்பது லட்சத்துக்கு எண்பதாயிரம் குறைந்து வருகிறதே என்று பதற வேண்டாம். கட்டியதற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வரிக் கணக்கில் அது வரவாகிவிடும்.

நிஜமான பேரத்துக்கு வருவோம். ஓதத்தைக் காட்டி ஒன்றரை லட்சம் குறை என்கிறார். உடனே ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். பூச்சைக் கொத்தி மறுபடி பூச முப்பத்தையாயிரம் ஆகும் என்று அவர் சொன்னால், அதுதான் பேச்சுக்கு அடிப்படை. ஒன்றரை லட்சம் அல்ல. பிறகு உங்கள் கணக்கைத் தனியாகப் போடுங்கள். இவர் போய்விட்டால் இன்னொருவர் வர மூன்று மாசம் ஆகலாம். அதுவரை உங்களுக்கு வட்டி எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிளாட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்? அந்தத் தொகை நாற்பதாயிரம் என்றால், முப்பத்தையாயிரத்தை விட்டுக் கொடுப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை. இந்த எண்ணை அக்ரிமெண்ட் போடுகிற அன்றே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் பதற்றத்தில் எந்தக் கணக்கும் சரியாக வராது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சிக்கிக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எண்பது லட்சத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அவர் கட்டியிருப்பார், அல்லது புரட்டி வைத்திருப்பார். பாங்கியில் கடன் மஞ்சூராகி டிராப்டும் எடுத்தாயிற்று என்றால், விலையை மாற்றினால் பாங்கிக்கும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கும் நாளை கிரயம் ஆனால்தான் நிம்மதி. ஆகையால், குரலை உயர்த்தாமல், "பேசின விலை பேசினதுதான். ஓதத்துக்கு வேண்டுமானால் முப்பத்தையாயிரம் தள்ளுகிறேன். இல்லாவிட்டால் டோக்கனை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வோம்" என்று சொல்லலாம். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், "அட்வான்ஸைத் தூக்கி எறிகிறேன், உமக்கு வீடு கிடையாது!" என்று கோபத்தில் சொல்லிவிடாதீர்கள். குறித்த கெடுவுக்குள் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர், கோர்ட்டுக்குப் போய்க் கிரயத்தை வாங்க முடியும். 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்த உரிமை இன்னும் பலப்பட்டிருக்கிறது. தவறு அவருடையதே ஆனாலும், அட்வான்ஸை நீங்களே வைத்துக்கொள்ள அக்ரிமெண்டில் இடம் இருக்க வேண்டும். அது ஒப்பந்தத்துக்கு ஈடான முன்பணம் என்றும், வாங்குகிறவர் தவறினால் இழக்க நேரும் என்றும் தெளிவாக எழுதியிருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். வெறுமனே விலையில் ஒரு பகுதி என்றால் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரு தரப்பும் மனமொத்துப் பிரிவது என்றால், ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். அது வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டிருந்தால் அடுத்து வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

கடைசியாக அந்த இனிப்பான வார்த்தை: "கையெழுத்தை மட்டும் போட்டுவிடுங்கள், பாக்கி அப்புறம்." சுற்றி நிற்கிற தரகரும் "நல்ல மனுஷர்தான், போடுங்கம்மா" என்பார். சில சமயம் நம் வீட்டு ஆண்களே, "நேரம் போய்க்கொண்டிருக்கிறதே" என்று அவசரப்படுத்துவார்கள். வீடு உங்கள் பேரில் இருந்தால், போட வேண்டிய கை உங்களுடையது. 'முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சப்-ரிஜிஸ்திரார் முன்னால் 'நான்தான் எழுதிக் கொடுத்தேன்' என்று ஒப்புக்கொண்டு, விரல் ரேகையும் வைத்தபின் வீடு அவருடையது. பாக்கிப் பணம் வரவில்லை என்பதற்காக மட்டும் பதிவான கிரயத்தை ரத்து செய்ய முடியாது, பணத்துக்கு வழக்குப் போடலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேற்று வரை வீட்டுக்காரியாக இருந்தவர், மூன்று லட்சத்துக்காக அவர் வாசலில் போய் நிற்க வேண்டி வரும்.

எனவே, டிராப்டின் படத்தை முதல் நாளே அனுப்பச் சொல்லி, பெயர், இனிஷியல், தொகை மூன்றையும் பாருங்கள். மறுநாள் அசலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாங்கி மூலம் அனுப்புகிறார் என்றால், உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு பேனாவைத் திறங்கள். பாங்கிக்கே போய்ப் பணமாக்க வேண்டிய சாதாரணச் செக் இந்த இடத்தில் உதவாது. "பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன்" என்றால், கையைக் கூப்பிவிடுங்கள். வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை அளவுக்கே அபராதம் விழ இடம் உண்டு. தவிர்க்க முடியாமல் ஒரு பாக்கி நின்றே தீரும் என்றால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கிரயப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். அப்போது அந்தத் தொகைக்கு வீட்டின் மேலேயே உங்களுக்குச் சட்டப்படி பாத்தியதை நிற்கும்.

இத்தனைக்கும் ஆரம்பம் அக்ரிமெண்ட் எழுதும் நாள். மனை அளவு குறைந்தால் விலை மாறுமா, எந்தெந்தச் சாமான் வீட்டோடு, சாவி எந்தத் தேதிக்கு, யார் தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று நாலு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். தரகர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாங்குகிறவருக்குப் பழம், வெற்றிலை பாக்கு வைத்துச் சாவி கொடுப்பது நம் வழக்கம்தான். பணம் பாங்கியில் சேருகிறவரை தாம்பூலத் தட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.